அரை டன் அடுப்பு வீட்டுக்குள் வரும் முன்

இங்கிலாந்தில் புதிதாக ரேஞ்ச் குக்கர் வாங்கப் போகிறவர்கள் வீட்டில் பேச்சு பெரும்பாலும் நிறத்தில்தான் ஆரம்பிக்கும். கிரீம் கலரா, அடர்நீலமா, கறுப்பா? கைப்பிடி பித்தளையா, குரோமா? இதிலேயே சில வாரங்கள் ஓடிவிடும். ஆனால் அடுப்பு லாரியில் வந்து இறங்குகிற அன்றைக்குத் தகராறு செய்யப்போவது நிறம் இல்லை. தரை அதன் கனத்தைத் தாங்குமா, ஃபியூஸ் பெட்டி அதன் பசிக்கு ஈடுகொடுக்குமா, முதலில் வாசலில் நுழையுமா என்பவைதான் அன்று முன்னால் வந்து நிற்கும். ஆட்கள் வாசலில் காத்துக்கொண்டிருக்கும்போது இவற்றுக்குப் பதில் தேடினால் செலவும் கூடும், சண்டையும் வரும்.

நம்மூரில் அடுப்பு என்றால் மேடைமேல் வைப்பது. வீடு மாறினால் ஒருவரே தூக்கிக்கொண்டு போய்விடலாம். ரேஞ்ச் குக்கர் தரையில் நிற்கிற சாதனம். மேலே ஐந்தாறு அடுப்பு, கீழே இரண்டு ஓவன், ஒரு கிரில், பாத்திரம் வைக்க ஓர் இழுப்பறை, எல்லாம் ஒரே உடலில் இருக்கும். அகலம் 90, 100, 110 சென்டிமீட்டர் என்று போகும். லெமிங்டன் ஸ்பா என்ற ஊரில் ஃப்ளேவல் என்ற இரும்பு வார்ப்படக்காரர் 1830 வாக்கில் செய்த 'கிச்சனர்' அடுப்புதான் இந்த வம்சத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அதற்குப் பெயர் கிடைத்தது. ரேஞ்ச்மாஸ்டர் என்ற அடுப்புக் கம்பெனி இன்றும் அதே ஊரை வைத்துத்தான் தன் பெருமையைப் பேசுகிறது. இந்த வகையில் 110 சென்டிமீட்டர் மின் அடுப்பு ஒன்று நூறு கிலோவைச் சுலபமாகத் தாண்டும்.

அது இளைய பிள்ளை. பெரிய பூதம் வேறு.

ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் டாலேன், கலங்கரை விளக்கங்கள் பகலில் தானாக அணைந்து இரவில் தானாக எரியும்படி வால்வு செய்தவர். 1912இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு. அதே ஆண்டில் அசெட்டிலின் வாயுச் சோதனையொன்றில் விபத்து நடந்து பார்வை போயிற்று. பரிசை அவர் சார்பில் அண்ணன்தான் வாங்கினார். அடுப்பைக் கட்டிக்கொண்டு மனைவி படும் பாட்டை வீட்டில் முடங்கியிருந்த நாட்களில் உணர்ந்தார் என்றும், அதிலிருந்து பிறந்ததே அவருடைய அடுப்பு என்றும் சொல்வார்கள். எப்படிப் பிறந்தாலும் சரி, 1922இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய கம்பெனியின் முதலெழுத்துகள்தான் பெயர்: ஆகா. கனமான வார்ப்பிரும்பு உடலுக்குள் வெப்பத்தைச் சேமித்து வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓவன்களுக்கும் மேல்தட்டுக்கும் கசியவிடுவதுதான் அதன் சூத்திரம். 1929இல் பிரிட்டனுக்கு வந்தது. விளம்பர உலகின் பிதாமகனாகக் கொண்டாடப்படும் டேவிட் ஓகில்வி, இளவயதில் ஸ்காட்லாந்தில் வீடு வீடாகப் போய் விற்றது இந்த அடுப்பைத்தான். மற்ற விற்பனையாளர்களுக்காக 1935இல் அவர் ஒரு கையேடே எழுதிக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் நிலக்கரி, பிறகு எண்ணெய், கேஸ், 1980களிலிருந்து மின்சாரம். எரிபொருள் மாறினாலும் இரும்பு குறையவில்லை. நான்கு ஓவன் கொண்ட பழைய பாணி ஆகா 600 கிலோவை நெருங்கும். அகலம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆழம் 70 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் அது உட்காரும் இடம் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்தான். பிரிட்டனில் வீட்டுத் தரையை வடிவமைக்கும் பொறியாளர், மனிதர்கள், மேசை, நாற்காலி எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்று கணக்கு வைப்பார். அடுப்பு அதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல். வாட்டசாட்டமான எட்டுப் பேர் ஒரே சதுர மீட்டரில் நெருக்கியடித்துக்கொண்டு இருபது வருடம் நகராமல் நிற்கிற மாதிரி.

இங்கே நம் வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும். தரைதானே, தாங்காமல் என்ன? சென்னையிலோ மதுரையிலோ கீழ்த்தளம் என்றால் அடியில் மண், மேலே ஜல்லி, கான்கிரீட், அதன்மேல் டைல்ஸ். ஆகாவை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். லண்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளின் கீழ்த்தளம் பெரும்பாலும் அப்படிக் கட்டியதில்லை. மரச்சட்டங்களைக் குறுக்கே போட்டு, அவற்றின்மேல் பலகை அடித்து, அடியில் காற்று ஓடுவதற்கு வெற்றிடம் விட்டிருப்பார்கள். நடந்தால் லேசாக அதிரும். பலகைமேல் வினைல் விரிப்போ டைல்ஸோ போட்டு மறைத்திருந்தால், வருடக்கணக்கில் அங்கே குடியிருப்பவருக்கே தன் சமையலறை அந்தரத்தில் நிற்பது தெரிந்திருக்காது. பின்னால் சேர்த்துக் கட்டிய சமையலறையாக இருந்தால் பாதி கான்கிரீட், பாதி மரம் என்று இரண்டும் கெட்டானாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கிற கோட்டின்மேல் அடுப்பை நிறுத்துவதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. ஒரு பக்கம் மட்டும் மெதுவாக அமுங்கும்.

மரத்தரைதான் என்று தெரிந்துவிட்டால், சட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். இதற்குப் பொறியாளர் வேண்டாம். விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கினால் பலகையில் ஆணித்தலைகள் வரிசையாகத் தெரியும். பலகை எப்படி ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே, அந்த ஆணி வரிசைக்கு நேர் கீழே, சட்டம் போகிறது. இடைவெளி சுமார் 40 சென்டிமீட்டர் இருக்கும். சட்டங்களின் முனைகள் அடுப்பு நிற்கப்போகும் சுவரிலேயே போய் உட்கார்ந்தால் நல்ல செய்தி. ஒன்றரை மீட்டர் அடுப்பின் கனத்தை நான்கு சட்டங்கள் பங்கு போட்டுக்கொள்ளும், அதுவும் சுவருக்குப் பக்கத்திலேயே. சட்டங்கள் சுவருக்கு இணையாக ஓடினால் கதை வேறு. மொத்தக் கனமும் இரண்டே சட்டங்களின் தலையில், ஒருவேளை அவற்றின் நட்டநடுவில் இறங்கும். ஒரே அறை, ஒரே அடுப்பு, சுவர் மட்டும் மாறியதால் ஒன்று நிற்கும், இன்னொன்று தொய்யும்.

அடுத்த வேலை இரண்டு பலகையைப் பெயர்த்து டார்ச் அடித்துப் பார்ப்பது. சுவருக்குள் போகும் சட்ட முனையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால், நல்ல மரம் எதிர்த்து நிற்கும். ஈரம் குடித்து உளுத்த மரத்தில் கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். வெளிச்சுவரின் காற்றுத் துளைகளை யாரோ மண் மேவியோ சிமெண்ட் பூசியோ அடைத்திருப்பார்கள். அதுதான் பல வீடுகளில் இந்த உளுப்புக்கு மூல காரணம். இன்னொரு திருட்டுத்தனமும் அங்கே வெளிப்படும். குழாய் போடுவதற்காகப் பழைய பிளம்பர் சட்டத்தின் மேல்பகுதியை வெட்டிப் பள்ளம் பறித்திருப்பார். பத்து சென்டிமீட்டர் சட்டத்தில் மூன்று சென்டிமீட்டர் வெட்டினால் மீதி ஏழுதான் வேலை செய்கிறது. பாத்திரம் கழுவும் மெஷின் வரை சமாளித்துவிட்ட சட்டம், ஆகாவுக்குக் கையை விரித்துவிடும்.

தீர்வு இருக்கிறது, ஆனால் மலிவாக இல்லை. பழைய சட்டத்தோடு புதிய சட்டத்தை ஒட்டி போல்ட் போடலாம், நடுவில் குறுக்குக்கட்டை அடிக்கலாம், அடியில் செங்கல் தூண் எழுப்பி முட்டுக் கொடுக்கலாம். முழு ஆகா என்றால் அந்த ஒரு சதுர மீட்டர் மரத்தை வெட்டி எடுத்துவிட்டு, தரையிலிருந்து கான்கிரீட் பீடம் கட்டுவதுதான் மேல் என்பது பழைய கொத்தனார்களின் கட்சி. அப்படிக் கட்டும்போது பக்கத்து மரத்துக்கான காற்றோட்டத்தைப் பீடம் மறித்துவிடக் கூடாது. மறித்தால் அடுப்பு நிற்கும், பக்கத்துத் தரை உளுத்துப் போகும். எது போதும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அடுப்பின் விலையோடு ஒப்பிட்டால் அவருடைய கட்டணம் ஒன்றுமே இல்லை. இருந்தும் மிச்சம் பிடிக்க எல்லோரும் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான்.

பழைய விரிப்பைப் பிய்க்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுதாகத் தடையானது 1999இல்தான். அதற்கு முன் போட்ட வினைல் டைல்ஸிலும், அதை ஒட்டிய கறுப்புத் தார்ப் பசையிலும் அது இருக்கக்கூடும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை உளியைக் கீழே வைப்பதே புத்திசாலித்தனம்.

தரை பலமானால் மட்டும் போதாது, மட்டமாகவும் இருக்க வேண்டும். வாணலியில் ஊற்றிய எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கினால் தோசை வார்ப்பவருக்குத் தெரியும் அந்த எரிச்சல். ரேஞ்ச்மாஸ்டர் போன்ற அடுப்புகளில் பின்னால் உருளைகள், முன்னால் திருகி உயர்த்தும் கால்கள் உண்டு. சில மில்லிமீட்டர் கோணலை அவை சரிக்கட்டும். பழைய பாணி ஆகாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. பீடத்தில் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

டைல்ஸ் விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் ஒரு வேலை செய்வார்கள். அடுப்புக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள் என்று முன்கால் வரைக்கும் மட்டும் டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். அடுப்பு பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். பிறகு ரிப்பேருக்காக வெளியே இழுக்க வேண்டும் என்றால் நூற்றிச் சொச்சம் கிலோவை ஒரு சென்டிமீட்டர் படிக்கு மேல் ஏற்ற வேண்டும். டைல்ஸ் சுவர் வரை போகட்டும். அடியில் பசை முழுதாகப் பரவட்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து குவியல் வைத்து ஒட்டிய டைல்ஸுக்குக் கீழே காற்றுப்பை இருக்கும். அதன்மேல் உருளை ஏறினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு விரிசல். தரைக்கு அடியில் சூடேற்றும் குழாயோ மின்பாயோ போடுகிறவர்கள் அடுப்பு நிற்கும் இடத்தைத் தவிர்த்துவிட வேண்டும். அங்கே சூடு வீண், சிக்கிக்கொண்ட சூட்டில் மின்பாயே கெட்டுவிடும். அதைவிட முக்கியம், அடுப்பு கவிழாமல் பிடித்துக்கொள்ளும் கொக்கியைத் தரையில் பொருத்துவதானால், துளை போடும் டிரில்லுக்குக் கீழே குழாய் இருக்கக் கூடாது.

புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்குப் பொறுமை காட்ட வேண்டும். முழு பலத்துக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு 28 நாள். ஈரம் வெளியேறுவது அதைவிட மெதுவான வேலை. முதல் ஐந்து சென்டிமீட்டர் வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது அங்கே கட்டடக்காரர்கள் வாயில் புழங்கும் கணக்கு. அதுவும் நல்ல வெயில், காற்றோட்டம் இருந்தால்தான். நவம்பர் மாத லண்டனில் அந்தக் கணக்கை நம்பி டெலிவரி தேதி குறிக்கக் கூடாது.

இனி மின்சாரம்.

ஹாரோ பக்கம் ஒரு தமிழ் வீட்டில், ஃபியூஸ் பெட்டி முன்னால் குந்தியிருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் வீட்டுக்கார அக்காவுக்கும் நடக்கிற பேச்சைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

"அடுப்பு எப்ப வருது அக்கா?"

"வாற வெள்ளி தம்பி. காசும் கட்டியாச்சு."

"மெயின் ஃபியூஸ் அறுவதுதான் கிடக்கு. ஷவரும் இதிலதான் ஓடுது, கார் சார்ஜரும் இதிலதான். ஓடர் குடுக்க முதல் ஒருக்கா என்னைக் கேட்டிருக்கலாமே."

"பழைய குக்கருக்கு ஒரு வயர் குசினியில வந்து நிக்குதே, அது காணாதோ?"

"அது எந்தக் காலத்து வயரோ. பாக்காமச் சொல்லேலாது."

தம்பி சொல்வதில் பொருள் இருக்கிறது. எல்லா வாயையும் திறந்தால் 11 கிலோவாட் இழுக்கும் ஒரு ரேஞ்ச் குக்கரை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 48 ஆம்பியர். அப்படியானால் 50 ஆம்பியர் சர்க்யூட் வேண்டுமே என்று தோன்றும். ஆனால் சமையலில் எல்லா அடுப்பும், இரண்டு ஓவனும், கிரில்லும் ஒரே நிமிடத்தில் முழு வேகத்தில் ஓடுவது அபூர்வம். சூடேறியதும் தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடும். அதனால் அங்கே எலக்ட்ரீஷியன்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் 10 ஆம்பியரை முழுதாக எடு, மீதியில் 30 சதவீதத்தைச் சேர், அடுப்பு சுவிட்சிலேயே ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் இன்னும் 5 கூட்டு. 48இல் 10 போக 38. அதில் 30 சதவீதம் 11 சொச்சம். கூட்டினால் 21, பிளக் பாயிண்டோடு 26. ஆக, 32 ஆம்பியர் பிரேக்கர் போதும். பல வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது.

பல வீடுகளில் என்று சொல்லக் காரணம் உண்டு. இருபது பேருக்குச் சமைக்கிற தீபாவளி அன்று இந்தச் சராசரி வேலை செய்யாது. பிரியாணி ஒரு பக்கம், வடை ஒரு பக்கம், ஓவனில் கேக், இன்னொரு ஓவனில் கோழி என்று மணிக்கணக்கில் இழுத்தால் 32 ஆம்பியர் பிரேக்கர் சூடேறி விழத்தான் செய்யும். பெரிய குடும்பம், அடிக்கடி விருந்து என்று தெரிந்தால் எலக்ட்ரீஷியனிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் கனமான ஒயரும் பெரிய பிரேக்கரும் போட்டுக் கொடுப்பார். அடுப்போடு வரும் கையேடு 40 என்றோ 45 என்றோ சொன்னால், மேலே போட்ட கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு கையேட்டைக் கேட்க வேண்டும்.

ஒயரின் தடிமன் மட்டுமல்ல, அது போகும் பாதையும் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அடுப்புக்கு வழக்கமாகப் போடும் 6 ஸ்கொயர் எம்எம் ஒயர் சுவரின்மேல் கிளிப் அடித்து ஓடினால் 47 ஆம்பியர் வரை தாங்கும். அதே ஒயரைக் குளிருக்காகக் கம்பளி போன்ற காப்புப்பஞ்சு திணித்த சுவருக்குள் புதைத்தால், சூடு வெளியேற வழியில்லாமல் அதன் தகுதி 23.5 வரை இறங்கிவிடும். பாதிதான். வீட்டைச் சூடாக வைக்க அரசு மானியத்தில் பஞ்சு திணித்தவர்கள், அதற்கு முன் போட்ட ஒயரை நம்பிப் புதிய அடுப்பை மாட்டினால் ஆபத்து சுவருக்குள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. "பழைய வயர் காணாதோ" என்ற கேள்விக்குப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாதது இதனால்தான்.

மெயின் ஃபியூஸ் வீட்டுக்காரர் சொத்து இல்லை. அது மின்விநியோகக் கம்பெனியுடையது, சீல் வைத்திருக்கும், எலக்ட்ரீஷியனே தொடக் கூடாது. 60ஐ 80 ஆகவோ 100 ஆகவோ மாற்றச் சொல்லி விண்ணப்பம் போட வேண்டும். பழைய வரிசை வீடுகளில் இன்னொரு வில்லங்கம் காத்திருக்கலாம். தெருவிலிருந்து வரும் ஒரே கேபிள் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். அதைப் பிரிக்காமல் ஃபியூஸைப் பெரிதாக்க மாட்டார்கள். பிரிக்க வாசலைத் தோண்ட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அடுப்பு ஆர்டர் கொடுப்பதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே தொடங்க வேண்டிய வேலை அது.

இங்கிலாந்தில் 2005 முதல் வீட்டு மின்வேலைக்குக் கட்டட விதிகளில் தனிப் பகுதியே இருக்கிறது. புதிய சர்க்யூட் இழுத்தால் முறைப்படி பதிவு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் என்றால் தானே செய்து கொடுப்பார். இதற்கு முன் இருந்தது கேஸ் அடுப்பு என்றால், அந்தக் குழாயை அடைக்கும் வேலையை 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர்தான் செய்யலாம்.

அணைக்கும் சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பதில் சர்ச்சையே தேவையில்லை. அடுப்பின் பக்கவாட்டில், கை எட்டும் தூரத்தில். எண்ணெய் தீப்பிடித்துக் கொழுந்துவிடும்போது தீக்கு மேலாகக் கையை நீட்டிச் சுவிட்சைத் தேடும்படி எந்த வீட்டிலும் வைக்கக் கூடாது. ஒயரை இணைக்கும் பெட்டி அடுப்புக்குப் பின்னால் தாழ்வாக இருக்கட்டும். உயரமாக, துருத்திக்கொண்டு இருந்தால் அடுப்பு சுவரோடு ஒட்டாமல் முன்னால் தள்ளி நிற்கும். அடுப்பை வெளியே இழுக்கும் அளவுக்கு ஒயரில் நீளமும் விட வேண்டும்.

புகை போக்கியை மறந்தால் தமிழ்ச் சமையலறையில் பிழைக்க முடியாது. வெளியே புகையைத் தள்ளும் சிம்னி அடுப்புக்கு மேலே இருந்தால் வினாடிக்கு 30 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும், சிம்னி இல்லாமல் வேறிடத்தில் ஃபேன் மட்டும் என்றால் 60 லிட்டர் என்று இங்கிலாந்தின் விதி சொல்கிறது. இது குறைந்தபட்சம். காய்ந்த மிளகாயைத் தாளிக்கும் வீட்டுக்கு இதைவிடக் கூடுதல் தேவை. காற்றை வடிகட்டி மறுபடியும் அறைக்குள்ளேயே விடும் வகையை விற்பனையாளர் எவ்வளவு புகழ்ந்தாலும், குழம்பு வாசனை கோட்டு வரைக்கும் ஏறும். குழாய் வெளிச்சுவரைத் துளைத்துப் போகும் வழியை அடுப்பின் இடத்தோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். அதேபோல இண்டக்‌ஷன் மேல்தட்டு, ஆகாவின் இரும்புத் தட்டு இரண்டுக்கும் தட்டையான அடி வேண்டும். ஊரிலிருந்து சுமந்து வந்த உருண்டை அடி வாணலிகள் இவற்றில் சும்மா ஆடும். வடை சுடுவதற்கு வேறு ஏற்பாடு யோசித்துக்கொள்ளலாம்.

பழைய எண்ணெய் ஆகாவையோ நிலக்கரி ஆகாவையோ கழற்றிவிட்டு மின்சார ஆகா வைக்கும் கிராமத்து வீடுகளில் வேலை இரட்டிப்பு. பழையது சமைத்ததோடு பல வீடுகளில் குளிக்க வெந்நீரும் கொடுத்துக்கொண்டிருந்தது. மின்சார ஆகாவிடம் அதை எதிர்பார்க்க முடியாது. வெந்நீருக்குத் தனி பாய்லர் முதலில் வர வேண்டும். பயன்பாட்டில் இல்லாத புகைக்கூண்டின் தலையை மூடாமல் விட்டால் மழை இறங்கும், இறுக்கி அடைத்தால் உள்ளே ஈரம் கோத்துச் சுவரில் கறை படியும். காற்று நுழையும் மூடிதான் போட வேண்டும்.

எந்த நேரமும் சூடாகவே இருக்கும் பழைய மின்சார ஆகா வாரத்துக்கு 200 யூனிட் அளவுக்கு விழுங்கும். 2022 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு விலையைப் பிடித்து நிறுத்தியபோதே ஒரு யூனிட் சுமார் 34 பென்ஸ். அடுப்புக்கு மட்டும் வாரம் 68 பவுண்டு. அந்தக் குளிர்காலத்தில் பலர் அதை அணைத்துவிட்டு மைக்ரோவேவில் சமாளித்தார்கள். வேண்டும்போது போட்டு வேண்டாதபோது அணைக்கக்கூடிய மாதிரிகளை ஆகா 2011இலிருந்து விற்கிறது. புதிதாக ஒயரிங் செய்கிறவர் அந்த வகைக்கே செய்துகொள்வது நல்லது. அதற்குத் தனி கனரக சர்க்யூட் வேண்டும்.

டெலிவரி நாள். 'வாசல் வரை' என்று ரசீதில் போட்டிருந்தால் வாசல் வரை மட்டும்தான். நடைபாதையில் மரப்பலகைமேல் அடுப்பை இறக்கிவைத்துவிட்டு லாரி கிளம்பிவிடும். பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு அமைப்பு ஆண் ஒருவர் இடுப்புயரத்தில், உடலோடு அணைத்துத் தூக்க வழிகாட்டியாகச் சொல்லும் எடை 25 கிலோ. நாலு மச்சான்மாரைக் கூப்பிட்டாலும் கணக்கு உதைக்கும். சமையலறைக்குள் கொண்டுபோய் வைப்பது வரைக்கும் சேர்த்து முன்பே பேசிக்கொள்ள வேண்டும். வாசல் அகலத்தை அளக்கும்போது கதவு பாதி திறந்து நிற்கும் இடத்தையும், தாழ்ப்பாள் பிதுங்குவதையும், ரேழியில் ரேடியேட்டர் துருத்தி நிற்பதையும் கழித்து அளக்க வேண்டும். பெரும்பாலும் நேர் வழியில் சிக்காது, திருப்பத்தில்தான் சிக்கும். கதவைக் கீலோடு கழற்றினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிடைக்கும். ஓவன் கதவுகள், தட்டுகள், இழுப்பறை எல்லாம் கழற்றினால் கனம் கணிசமாகக் குறையும். வழியெல்லாம் ஹார்ட்போர்டு விரிக்க வேண்டும். முன்பக்கக் கம்பியைப் பிடித்து இழுக்கவே கூடாது. அது துண்டு காயப்போடும் கம்பி, அடுப்பை இழுக்கும் கைப்பிடி இல்லை.

பெரிய ஆகாவில் இந்தத் தலைவலி பாதி குறைவு. அது பாகம் பாகமாக வரும், தொழில்நுட்பர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கட்டுவார். சிறிய மாதிரிகளில் முழுதாகக் கட்டியே வருபவையும் உண்டு, வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டுகிறவருக்கு இரண்டு பக்கமும் காலியிடம் வேண்டும், பிரித்து வைத்த இரும்புத் துண்டுகளைப் பரப்ப ஓர் அறை அளவு தரையும் வேண்டும். கிரானைட் மேடைக்கு அளவெடுக்கிறவர் அடுப்பு நின்ற பிறகு வந்தால் இடைவெளி சரியாக அமையும். இரும்பு சூட்டில் விரியும் என்பதால் மேடை விளிம்புக்கும் அடுப்புக்கும் இடையில் சில மில்லிமீட்டர் விடுவது வழக்கம். மரப்பலகை மேடை வைக்கிறவர்கள் கையேட்டில் சொன்ன இடைவெளியில் ஒரு மில்லிமீட்டர்கூடத் திருடக் கூடாது.

மாட்டி முடித்ததும் ஓவன்களை வெறுமனே ஓடவிட்டுத் தொழிற்சாலை எண்ணெய் வாசனை போகும்வரை சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் சோதனை அளவுகளோடு சான்றிதழ் தருவார், கட்டட விதிகளின்படியான பதிவுச் சான்று பின்னால் தனியாக வரும். இரண்டையும் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்வது நல்லது, வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்பார். அடுப்பைச் சுவரோடு தள்ளும் முன் மாதிரி எண், சீரியல் எண் பொறித்த தகட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். உதிரிபாகத்துக்குப் போன் செய்தால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான், சில மாதிரிகளில் அந்தத் தகடு எட்டாத இடத்தில் ஒளிந்திருக்கும்.